மயங்கிக் கிடப்பவரின் மூச்சுப்பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலுதவி வகுப்புகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. முதலில் வருபவை, பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியதைப் பற்றி. பின்னால் வருபவை, ஆம்புலன்ஸிலும் மருத்துவமனையிலும் நடப்பதைப் பார்த்து உறவினர்கள் கேட்பவை. படித்தால் மட்டும் போதாது. பொம்மையை வைத்து ஒருமுறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும்.

மயங்கிவிட்டால் மூச்சு ஏன் அடைபடுகிறது? தொண்டையில் எதுவும் சிக்கவில்லையே?

சிக்குவது பெரும்பாலும் அவருடைய நாக்கேதான். விழித்திருக்கும்போது தாடையையும் நாக்கையும் தொண்டையையும் தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. தூக்கத்தில் அந்தப் பிடி கொஞ்சம் தளரும். குறட்டை வருவது அதனால்தான். மயக்கத்தில் மொத்தமாக விட்டுப்போகும். மல்லாந்து கிடப்பவரின் அடிநாக்கு பின்னால் சரிந்து தொண்டையின் பின்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். உள்நாக்கை ஒட்டிய மெல்லிய சதையும் குரல்வளை மூடியும் கூடவே சரியும். நெஞ்சு ஏறி இறங்க முயலும், காற்று மட்டும் போகாது.

அடுத்தது வாந்தி, ரத்தம், எச்சில். நினைவு இருந்தால் இருமித் துப்பிவிடுவோம். மயக்கத்தில் அந்த இருமல் வராது. தொண்டையில் தேங்குவது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

ஆக்சிஜன் போகாவிட்டால் நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும், அந்த நாலைந்து நிமிடம் பக்கத்தில் நிற்பவரின் பொறுப்பு.

விழுந்தவர் குறட்டை விடுகிறார். அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிடலாமா?

கூடாது. தட்டி எழுப்பினால் எழாதவர் விடும் குறட்டை பாதி அடைபட்ட மூச்சுப்பாதையின் சத்தம். குடித்துவிட்டுக் கிடப்பவர் விஷயத்தில்தான் இது அதிகம் தவறிப்போகிறது. "போதை தெளிஞ்சா எழுந்திருப்பான்" என்று மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போகிறார்கள். நடுராத்திரியில் வாந்தி வருகிறது.

களகளவென்று சத்தம் வந்தால் தொண்டையில் திரவம் தேங்கியிருக்கிறது. மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் குரல்வளைப் பக்கம் இறுகியிருக்கிறது. சத்தமே இல்லாமல் நெஞ்சும் வயிறும் மட்டும் மாறி மாறித் தூக்கினால் முழு அடைப்பு; எல்லாவற்றிலும் மோசமானது இதுதான்.

மூச்சு வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தலையைச் சாய்த்துப் பாதையைத் திறந்துவிட்டு, உங்கள் கன்னத்தை அவர் மூக்கருகே கொண்டுபோய், கண்ணால் நெஞ்சைப் பாருங்கள். 10 விநாடிக்கு மேல் வேண்டாம். மீன் போல வாயைத் திறந்து எப்போதாவது ஒரு இழுப்பு இழுத்தால் அது மூச்சில்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் அப்படி வரும். அதைப் பார்த்து "உயிர் இருக்கு" என்று காத்திருப்பார்கள். காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

தலையை எப்படிச் சாய்ப்பது?

ஒரு உள்ளங்கையை நெற்றியில் வைத்து மெதுவாகப் பின்னால் சாயுங்கள். மற்றக் கையின் இரண்டு விரல்களை மோவாயின் எலும்பின் கீழ் வைத்து மேலே தூக்குங்கள். விரல் எலும்பில் இருக்க வேண்டும். எலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற இடத்தில் அழுத்தினால் நாக்கையே மேலும் அடைக்கிறீர்கள். தாடை முன்னால் வரும்போது அதில் இணைந்திருக்கும் நாக்கும் கூடவே வரும். சரியாகச் செய்தால் குறட்டை அங்கேயே நிற்கும். கையை எடுத்தால் திரும்ப வரும்.

இவ்வளவு எளிய விஷயம் உறுதியானது 1950களின் பிற்பகுதியில்தான். அதுவரை குப்புறப் போட்டு முதுகை அழுத்துவதும் கையை மடக்கி நீட்டுவதும்தான் செயற்கைச் சுவாசம். அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் சாஃபர் என்ற மயக்க மருத்துவர், தாமாக முன்வந்தவர்களுக்குத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்தைக் கொடுத்து ஒவ்வொரு முறையாகச் சோதித்தார். பழைய முறைகளில் காற்று சரியாகப் போகவில்லை. தலையைச் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதியபோது போனது. 1960இல் நார்வேயின் ஆஸ்மண்ட் லார்டல் செய்த பயிற்சிப் பொம்மையில் தலையைச் சாய்க்காவிட்டால் காற்று போகாதபடி கழுத்தை அமைத்தார்கள்.

கைக்குழந்தைக்கு மட்டும் இப்படிச் சாய்க்கக் கூடாது. அதன் பின்மண்டை பெரிது, படுத்தாலே மோவாய் நெஞ்சில் இடிக்கும். தோளின் கீழ் ஒரு துண்டை மடித்து வைத்து, முகம் நேராக மேலே பார்க்கும்படி விட்டால் போதும்.

பைக்கில் இருந்து விழுந்தவர். கழுத்தில் அடிபட்டிருந்தால் தலையைத் தொடலாமா?

கழுத்தைத் திருப்பாமல் தாடையை மட்டும் தூக்கும் வழி இருக்கிறது. அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். காதுக்குக் கீழே தாடை எலும்பு வளைகிற மூலையைத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் அந்த மூலையில் விரல்களை வைத்து, தாடையை அப்படியே மேல்நோக்கித் தள்ளுங்கள். கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டி முன்னால் வந்துவிட்டால் சரியாகச் செய்கிறீர்கள். கை சீக்கிரம் வலிக்கும், ஆள் மாற்றிக்கொள்ளலாம். இப்படியும் காற்று போகவில்லை என்றால் தலையைச் சாய்க்கத்தான் வேண்டும். கழுத்து எலும்பு உடைந்திருக்கலாம் என்பது சந்தேகம். மூச்சில்லை என்பது கண்ணெதிரே இருக்கிறது.

ஹெல்மெட்டைக் கழற்ற இருவர் வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் பட்டையை விடுவித்து, பக்கங்களை விரித்து மெல்ல உருவ வேண்டும். மூச்சு சரியாக இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை அதைத் தொடவே வேண்டாம். ஆட்டோவில் உட்கார வைத்துத் தலை தொங்கத் தொங்கக் கொண்டுபோவதுதான் எல்லாவற்றிலும் மோசம். கழுத்துக்கும் கேடு, மூச்சுப்பாதையும் மடங்கிவிடும்.

உதவப் போனால் போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோமா?

இல்லை. இந்தியாவில் 2016இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த வழிகாட்டுதல்களும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவும் விபத்தில் உதவுபவரைப் பாதுகாக்கின்றன. பெயரைச் சொல்லும்படி கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி?

மூச்சு சீராக இருக்கிறது, நினைவுதான் இல்லை என்றால் இதுதான் செய்ய வேண்டியது. அவர் பக்கத்தில் மண்டியிடுங்கள். உங்கள் பக்கத்துக் கையை உடலுக்குச் செங்குத்தாக விரித்து வையுங்கள். தூரத்துக் கையை நெஞ்சின் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை அவர் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்து முழங்காலை மடக்கித் தூக்கி, அதைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் ஆள் தானாகப் புரண்டு வருவார். குண்டானவரைக்கூட ஒல்லியானவர் திருப்பிவிடலாம். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி விடுங்கள். நாக்கும் விழாது, வாந்தியும் வெளியே வடியும்.

கர்ப்பிணி என்றால் இடது பக்கம். அப்புறம், திருப்பிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். திறந்த பாதை திறந்தபடியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைப் பாருங்கள்.

தண்ணீர், சோடா, காபி ஏதாவது கொடுக்கலாமா?

கூடாது. முகத்தில் தெளிப்பது வேறு, வாயில் ஊற்றுவது வேறு. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சுருண்டு விழுந்தால் முதலில் வருவது பாட்டில் தண்ணீர்தான். ஒருவர் தலையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஊற்றுவார். அதில் முக்கால்வாசி கடைவாயில் வழியும், மிச்சம் போகும் இடம் நுரையீரல். தானே டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடிகிறவருக்கு மட்டும் தண்ணீர் கொடுங்கள்.

வலிப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் ஸ்பூன் வைக்கச் சொல்கிறார்களே? சாவிக்கொத்து?

ஸ்பூனும் வேண்டாம், விரலும் வேண்டாம். கடித்த நாக்கு சில நாளில் ஆறிவிடும். உடைந்த பல் மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து, உங்கள் விரலும் போகும். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்காது; வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்குவதால் சாவிக்கொத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நேரத்தைப் பாருங்கள், தலைக்குக் கீழே எதையாவது மெத்தென்று வையுங்கள், சுற்றி இருக்கும் கல்லையும் நாற்காலியையும் நகர்த்துங்கள். உதறல் நின்றவுடன் ஒருக்களியுங்கள். மூச்சு அடைவது பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும் அயர்ந்த நிலையில்தான். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

பூச்சிமருந்து குடித்துவிட்டார். வாந்தி எடுக்க வைக்க வேண்டாமா?

உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணத்தைக் கரைத்து ஊற்றுவது எதுவுமே வேண்டாம். பயிருக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் எச்சிலையும் சளியையும் பெருக்கெடுக்க வைப்பவை. தசைகளையும் தளர்த்தும், மயக்கமும் சீக்கிரம் வரும். அந்த நிலையில் வாந்தியைத் தூண்டினால் மருந்தும் வாந்தியும் நுரையீரலுக்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கையில் கிடைத்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

சாப்பிடும்போது புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டலாமா?

தட்டுங்கள், தப்பில்லை; பயனும் இல்லை. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருமி முடித்துவிடுவார். நன்றாக இருமுகிறவரை இருமவிடுவதே சிகிச்சை.

பேச்சு வராமல், இருமலில் சத்தம் இல்லாமல், கை தொண்டைக்குப் போனால்தான் விபரீதம். ஆளை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி 5 அடி. வெளியே வரவில்லையா? பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கையைக் கொண்டுவந்து, தொப்புளுக்கு மேலே, மார்பெலும்பின் நுனிக்குக் கீழே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்து உள்ளேயும் மேலேயுமாக 5 முறை இழுங்கள். வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நிறைமாதக் கர்ப்பிணிக்கும், வயிற்றைக் கட்ட முடியாத அளவு பருத்தவருக்கும் நெஞ்செலும்பில் இழுக்க வேண்டும். வயிற்றில் இழுத்திருந்தால், பொருள் வெளியே வந்த பிறகும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இந்த வயிற்று இழுப்பை 1974இல் அறிமுகப்படுத்தியவர் ஹென்றி ஹைம்லிக். முதுகில் அடிப்பது ஆபத்து என்று அவர் கடைசிவரை எதிர்த்தார். அமெரிக்க இதயச் சங்கமும் பெரியவர்களுக்கு வயிற்று இழுப்பை மட்டும் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. ஐரோப்பாவில் முதுகடிதான் எப்போதும் முதலில். 2025இல் அமெரிக்க வழிகாட்டியும் 5 முதுகடி, 5 வயிற்று இழுப்பு என்று மாறிவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மயங்கிச் சரிந்துவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்துங்கள். மூச்சு கொடுக்க வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

கைக்குழந்தைக்கு?

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தாடையைத் தாங்கி, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து முதுகில் 5 அடி. பிறகு மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்தம். ஒரு வயதுக்குள் வயிற்றை அழுத்தவே கூடாது, ஈரல் கிழியும்.

நம் வீடுகளில் வேர்க்கடலையையும் புளியங்கொட்டையையும் கவனிக்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் போன கடலை அங்கேயே ஊறிப் பெருக்கும், எண்ணெயால் புண்ணாக்கும். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இருமி, பிறகு சரியாகிவிட்டு, வாரக்கணக்கில் ஒரு பக்கம் மட்டும் வீசிங்கோடு அலைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாயை விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி செய்துதான் எடுப்பார்கள்.

பாம்புக்கடிக்கும் மூச்சுப்பாதைக்கும் என்ன தொடர்பு?

நல்லபாம்பு, கட்டுவிரியன் இரண்டின் விஷமும் தசைகளைச் செயலிழக்க வைக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல சமயம் கடித்த தடமே தெரியாது. முதலில் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாமல் வழியும். அப்போதே ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். முழுதும் செயலிழந்தவர் பார்வைக்கு இறந்தவர் போலவே இருப்பார். ஆனால் அவர் காதில் நாம் பேசுவது விழுந்துகொண்டிருக்கலாம். மூச்சை மட்டும் நாள்கணக்கில் ஓட்டிக்கொடுத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தீ விபத்தில் மீட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டுதானே இருந்தார். எதற்கு ட்யூப் போட்டார்கள்?

அவசர சிகிச்சையில் உறவினர்கள் அதிகம் கோபப்படும் இடம் இது. நியாயம்தான், சற்றுமுன் தண்ணீர் கேட்ட மனிதர் வென்டிலேட்டரில் கிடக்கிறார். மூடிய அறையில் சூடான புகையை இழுத்தவரின் தொண்டை மணிக்கணக்கில் மெல்ல வீங்கும். மூக்கு முடி கருகியிருப்பது, சளியில் கரி, குரல் கம்மிப்போவது இதற்கெல்லாம் அடையாளம். வீக்கம் முற்றிய பிறகு மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போக இடம் இருக்காது. பேச முடிகிற நேரத்தில்தான் அதைப் போட்டாக வேண்டும்.

ஒவ்வாமையில் நாக்கும் தொண்டையும் வீங்குவது இன்னும் வேகம். அதற்கு மருந்து தொடையின் வெளிப்பக்கத்தில் தசைக்குள் போடும் அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். வழக்கமான அலர்ஜி ஊசிகளான அவில், டெக்ஸா மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது போதாது.

ஆம்புலன்ஸில் வாயில் வைக்கும் வளைந்த பிளாஸ்டிக் என்ன?

கெடல் ஏர்வே. 1933இல் ஆர்தர் கெடல் உருவாக்கியது. நாக்கை முன்னால் பிடித்துவைக்கும். கடைவாயிலிருந்து தாடை மூலை வரை அளந்து எடுப்பார்கள். அளவு தப்பினால் நாக்கையே உள்ளே தள்ளிவிடும். குமட்டல் வருகிறவருக்கு வைக்க மாட்டார்கள், வாந்தி எடுத்துவிடுவார். அவருக்கு மூக்கு வழியாக மெல்லிய ரப்பர் குழாய்.

கூடவே அமுக்குவது மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக், 1956இல் டென்மார்க்கில் இருந்து வந்தது. அதற்கு 4 ஆண்டு முன்னால் கோபன்ஹேகன் போலியோ தொற்றில், பியோன் இப்சென் என்ற மயக்க மருத்துவரின் யோசனைப்படி நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டு, சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு வாரக்கணக்கில் கையால் பையை அமுக்கி மூச்சு கொடுத்திருந்தார்கள்.

பார்க்க எளிதாக இருக்கும் இந்தப் பை உண்மையில் கஷ்டமானது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை அழுத்த, மற்ற மூன்று விரலும் தாடை எலும்பை மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும். தாடி, பல்லில்லாத குழி விழுந்த கன்னம் இரண்டிலும் காற்று கசியும். அதனால்தான் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, இன்னொருவர் அமுக்குகிறார். பதற்றத்தில் வேகவேகமாக அமுக்குவது எல்லா ஊரிலும் உண்டு. நாடி இருந்து மூச்சு மட்டும் இல்லாத பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒருமுறை, நெஞ்சு லேசாக எழும் அளவு போதும். அதற்கு மேல் போவது வயிற்றை உப்ப வைத்து வாந்தியைக் கொண்டுவரும்.

அங்கேயே ட்யூப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ?

இதயம் நின்றவர்கள் விஷயத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 9,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஒரு ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டார்கள். மற்றப் பிரிவுக்குக் குரல்வளையின் மேல் உட்காரும் ஐ-ஜெல் வைத்தார்கள். நல்ல நிலையில் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்த வகைக் கருவிகளின் முன்னோடி, 1981இல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் உருவாக்கிய எல்.எம்.ஏ. (லாரிஞ்சியல் மாஸ்க் ஏர்வே). ட்யூப் போடும்போது போல லாரிங்கோஸ்கோப் என்ற விளக்குக் கருவியால் குரல்வளையைப் பார்க்க வேண்டியதில்லை, சில விநாடியில் வைத்துவிடலாம்.

ட்யூப்தான் வாந்தியிலிருந்து நுரையீரலை நன்றாகக் காக்கும். ஆனால் அது உணவுக்குழாயில் போய்விட்டால், கவனிக்காதவரை நோயாளிக்கு மூச்சே இல்லை. அதனால்தான் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு வருகிறதா என்று காட்டும் காப்னோகிராஃபை நம்புகிறோம். ஸ்டெதஸ்கோப் ஏமாற்றும், ட்யூப்பில் படியும் ஆவியும் ஏமாற்றும். திரையில் அலை வரவில்லை என்றால் ட்யூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ட்யூப்பே போட முடியாமல் போனால்?

பையும் உதவவில்லை, குரல்வளை மேல் வைக்கும் கருவியும் உதவவில்லை என்றால் கழுத்தில் முன்பக்கமாகத் திறக்க வேண்டும். தொண்டை மேட்டிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். அந்தச் சவ்வைக் கத்தியால் கீறி, வழிகாட்டிக் கம்பி விட்டு, அதன்மேல் 6 அளவு ட்யூபை இறக்குவார்கள்.

சிரமம் கத்தியில் இல்லை, அதை எடுக்கும் முடிவில் இருக்கிறது. 2005இல் இங்கிலாந்தில் எலைன் பிராமிலி என்ற பெண்ணுக்கு சைனஸ் அறுவைக்காக மயக்கம் கொடுத்தபோது மூச்சுப்பாதை அடைபட்டது. அனுபவமுள்ள மருத்துவர்கள் இருந்தார்கள். ட்யூப் போடும் முயற்சியிலேயே நேரம் போனது. நர்ஸ் ஒருவர் கழுத்தில் துளையிடும் ட்ரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து தயார் என்றும் சொன்னார், அது யார் காதிலும் ஏறவில்லை. எலைன் இறந்த பிறகு, விமானியான கணவர் மார்ட்டின் பிராமிலி, குறை சொல்வதோடு நிற்காமல், இப்படிப்பட்ட நேரத்தில் குழு எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதைப் பயிற்சியாகக் கொண்டுவர ஒரு அமைப்பையே தொடங்கினார். இன்று பல இடங்களில் "இனி கழுத்து வழிதான்" என்று வாய்விட்டு அறிவிக்கப் பழக்குகிறார்கள். ஜூனியர் நர்ஸும் அதைச் சொல்லலாம்.

பல்செட் இருந்தால்?

ஆடினால் எடுத்துவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள், மாஸ்க் நன்றாகப் பதியும்.

ஆம்புலன்ஸ் வந்ததும் என்ன சொல்ல வேண்டும்?

எத்தனை மணிக்கு விழுந்தார், அப்போதிலிருந்து மூச்சு இருந்ததா, நடுவில் நின்றதா. வாந்தி எடுத்தாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார். வயிறு நிறைந்தவருக்கு ட்யூப் போடுவதில் அவர்கள் கூடுதல் கவனம் எடுப்பார்கள். யாராவது வாயில் எதையாவது ஊற்றியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை, வலிப்பு மாத்திரைச் சீட்டு இருந்தால் கையில் கொடுங்கள். நீங்கள் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால், அவர்கள் வந்து கை வைத்து "விடுங்க, நான் பிடிச்சுட்டேன்" என்று சொல்லும்வரை விடாதீர்கள்.